கோடி வேட்டி

சாலை, திருவனந்தபுரம்
ஜூலை 7

அன்புள்ள மங்கலம் அக்காவுக்கு,

தம்பி நம்பி எழுதுறேன். முட்டுவலி இப்போ எப்படி இருக்கு? மழை பிடிச்சா கல்லாற்றுக் குளிர் முதல்ல உன் காலைத்தான் பிடிக்கும். இங்கே நான், வீட்டில் அவள், பிள்ளை எல்லாரும் சௌக்கியம். போன் பண்ணினா உனக்குக் காது கேட்காது, மெசேஜ் அனுப்பினா 'எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு'ன்னு திட்டுவே. அதனால பழையபடி கடுதாசிதான்.

நீ முதலாளிகிட்டச் சொல்லி வாங்கித் தந்த மேனேஜர் வேலையில் சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு. அவருக்கு உடம்பு முடியலை, கோயில் பக்கம் கோட்டைக்குள்ள இருக்கிற வீட்டோடயே இருக்கார். அரிசிக் கடை முழுக்க என் தலையில். கோயம்புத்தூர் கம்பெனியில் ஏ.சி.யில் உட்கார்ந்தவனுக்குச் சாலைக் கடைத்தெருவின் மிளகாய் நெடி இப்போதான் பழகுது. தும்மல் நின்னிருக்கு.

ஆட்கள் பரவாயில்லை. பில் போடுற ஷிஜா பாதி மலையாளம் பாதி தமிழில் கடையையே ஓட்டிடுவாள். ஒருத்தரைத்தான் எனக்குப் பிடிபடலை. ஆறுமுகசாமின்னு தென்காசிப் பக்கத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், ரொம்ப வருஷமா இதே கடை. சில்லறை அரிசிக் கவுண்டர் அவருடையது. காலையில் ஷட்டர் திறக்கிறதும் அவர்தான், சாவி எப்பவும் அவர் மடியில். மேல்மாடியில் தங்கல். மனுசன் முகத்தில் ஈயாடலை. 'சேட்டா, ஜெயா அரி உண்டோ'ன்னு கேட்டா மூட்டையைக் கை காட்டுறார், வாய் திறக்கறதில்லை. வாடிக்கைக்காரங்க என்கிட்ட வந்து குறை சொல்றாங்க. முதலாளி போனில் சொல்லிட்டார்: "அவனைச் சரி பண்ணு, இல்லாட்டி வேற ஆளைப் போடு."

நான் வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி மேல்மாடியில் படுத்த ஆள் ஒருத்தர் காலையில் எழுந்திருக்கலையாம். அவர் பார்த்த வேலைக்கு ஜினுன்னு புது ஆள் வந்தாச்சு. ஆள் குறை இல்லை. எல்லாரும் ஒரு டீமா வேலை செய்யணும்னு பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ. வெந்நீரில் குளி.

உன் தம்பி,
அழகியநம்பி


கல்லாறு
ஜூலை 16

எலே நம்பி,

அக்கா இருக்கேன். முட்டுவலியும் இருக்கு, அது எங்க போகும்? வாடகை கொடுக்காம குடியிருக்கு. பிள்ளைக்குச் சளி பிடிக்காம பாத்துக்கோ. உம் பொண்டாட்டியைக் கேட்டதாச் சொல்லு.

டீமா? நீ அரிசிக் கடையில இருக்கியா, பந்து விளையாடப் போயிருக்கியா?

ஆறுமுகசாமி அண்ணாச்சியையா உனக்குப் பிடிபடலை? அடப்பாவி. வருசா வருசம் மே தினத்துக்குக் கடை லீவுன்னா அவரும் தாசையன் அண்ணாச்சியும் முதல் பஸ்ஸைப் பிடிச்சு இங்க வந்துருவாங்க. ஆத்துல குளிச்சுட்டு நம்ம சாப்பாட்டுக் கடையில மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் சாப்பிடுவாங்க. தாசையன் அண்ணாச்சி வாய் ஓயாது. எனக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சும் பேசுவாரு. 'தங்கச்சி, உனக்குக் கேக்காதுங்கிற தைரியத்துலதான் உன்ட்ட உண்மையைச் சொல்லுதேன்'ம்பாரு. நான் அவர் வாயைப் பார்த்தே சிரிச்சுருவேன். அவருக்குக் கண்ணு மங்கல். ஆறுமுகசாமி அண்ணாச்சிதான் ஒண்ணும் பேசாம மீன்ல முள்ளை எடுத்து எடுத்து அவர் தட்டுல வைப்பாரு. அவர் எப்பவும் அதிகம் பேசாதவருதான். ஆனா சிரிக்காதவர் இல்லை.

தாசையன் அண்ணாச்சி எப்படி இருக்காரு? அவரைப் பத்தி நீ ஒரு வரி எழுதலையே.

முதலாளி சொன்னாருன்னு அவசரப்பட்டு ஆளை மாத்திராத.

இப்படிக்கு,
மங்கலம்


சாலை
ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

பதில் எழுத நாளாயிடுச்சு, கோபிச்சுக்காதே. ஓணச் சரக்கு வந்து குவியுது. வீட்டில் எல்லாரும் நலம். பிள்ளைக்குச் சளி பிடிச்சு விட்டுது. நீ காதுக்கு டாக்டரைப் போய்ப் பார்த்தியா இல்லையா?

நீ கேட்ட தாசையன்தான் அந்த மேல்மாடியில் இறந்தவர். பேர் எனக்குத் தெரியாது அக்கா. உன் கடுதாசியைப் பார்த்துட்டுத்தான் ஷிஜாகிட்டக் கேட்டேன். மே மாசக் கடைசியில் நடந்ததாம். பாறசாலைப் பக்கம் அவர் ஊருக்கு ஆம்புலன்ஸில் அனுப்பி வச்சாங்களாம். மறுநாள் கடை திறந்தாச்சாம். வருத்தமாத்தான் இருக்கு. போனவரைப் பத்தி நாம என்ன செய்ய முடியும்?

இருக்கிறவரைப் பத்தி யோசிக்கிறேன். ஆறுமுகசாமி போன வாரம் ஒரு நாள் லீவு கேட்டார். லாரி மேல லாரி வந்து நிக்குது, 'இப்போ முடியாது அண்ணாச்சி, ஓணம் கழியட்டும்'னுட்டேன். எதுக்குன்னு நான் கேட்கலை, அவரும் சொல்லலை.

கோயம்புத்தூரில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வச்சாங்க. வேலையில் மனசு சோர்ந்து கிடக்கிறவனை மேனேஜர் எப்படித் தூக்கி நிறுத்தணும்னு. நாலு பேர் முன்னால மரியாதை செய்யணும், கையில ஒரு பரிசு கொடுக்கணும், ஓய்வு கொடுக்கணும். ஓணம் முடியட்டும், மூணையும் ஒரே நாளில் செய்யப்போறேன். நீயே மெச்சிப்பே.

தம்பி,
நம்பி


கல்லாறு
செப்டம்பர் 5

நம்பிக்கு,

எனக்கு ஒண்ணுமில்லை. நல்லா இருக்கேன்னு எழுத மனசு வரலை, அவ்வளவுதான். சோறு இறங்கலை.

மே மாசம் என் கடை வாசல்ல சிரிச்சுக்கிட்டு நின்ன மனுசன். அடுத்த வருசம் வரும்போது எனக்குக் காதுக்கு மிஷின் வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனவரு. அவரைப் போயி 'ஒரு ஆள்'னு எழுதியிருக்க. ஆள் குறை இல்லைன்னு எழுதியிருக்க.

பயிற்சி கியிற்சி எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். நான் கேக்குத ஒண்ணுக்குப் பதில் எழுது. தாசையன் செத்துப்போன அந்த மேல்மாடியில இப்போ ஆறுமுகசாமி அண்ணாச்சி கூட யாரு படுக்கா?

போயி அவர் பக்கத்துல உக்காரு. தாசையன் பேரைச் சொல்லு. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். எனக்குத்தான் காது போச்சு. கேக்குத காதை வச்சுக்கிட்டு நீங்கள்லாம் என்னத்தைக் கேக்கீங்க?

பிள்ளையை நல்லாப் பாத்துக்கோ.

மங்கலம்


சாலை
அக்டோபர் 15

அன்புள்ள அக்கா,

கோபம் தணிஞ்சுதா? ஓணம் என்னைப் பிழிஞ்சு போட்டுடுச்சு, அதான் எழுதலை. கால் வலிக்குத் தைலம் அடுத்த பார்சலில் வைக்கிறேன்.

நல்ல சேதி. நான் சொன்னதைச் செஞ்சுட்டேன். சரஸ்வதி பூஜை கழிஞ்சு நேத்து கடை திறந்தோம். எல்லாரையும் நிக்க வச்சு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், நல்ல கரை போட்ட கோடி வேட்டியும் தோளில் போடுற நேரியதும் வச்சு, ஆறுமுகசாமி கையில் கொடுத்தேன். 'இத்தனை வருஷமா இந்தக் கடைக்கு உழைச்சிருக்கீங்க அண்ணாச்சி. ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுங்க'ன்னு சொல்லி, கைகூட எடுத்துக் கும்பிட்டேன்.

ஒருத்தரும் கை தட்டலை. ஷிஜா தலையைக் குனிஞ்சுக்கிட்டாள். எல்லாருக்கும் மனசு நெகிழ்ந்து போச்சுன்னு நினைக்கிறேன். அவர் தாம்பாளத்தை வாங்கிக்கிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் குனிஞ்சு கடைப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கிட்டார். எனக்கே கண் கலங்கிடுச்சு. மத்தியானமே கிளம்பிட்டார், ஷட்டர் சாவியைக்கூட மறந்து மடியிலேயே கொண்டு போயிட்டார். முதலாளி வீட்டிலிருந்து மாத்துச் சாவி வாங்கி இன்னைக்குத் திறந்தோம்.

ஒரு மனுசனை மனுசனா மதிச்சா எவ்வளவு நிறைவா இருக்கு தெரியுமா! நாளைக்கே எனக்குப் பதில் வேணும், பாராட்டி.

தம்பி,
நம்பி


கல்லாறு
அக்டோபர் 17

நம்பிக்கு அக்கா எழுதுதது,

உன் கடுதாசி ஒண்ணும் வரலை. கோவத்துல இருக்கியோ என்னமோ. இரு. நான் இங்க நடந்ததை எழுதுதேன், படிச்சுட்டுப் பதில் போடு.

முந்தாநாள் முதல் பஸ்ஸுல உங்க கடை ஆறுமுகசாமி அண்ணாச்சி வந்து இறங்கினாரு. தனியா. கோடி வேட்டி உடுத்தியிருந்தாரு, மடிப்புக்கூடக் கலையலை. என்ன அண்ணாச்சி, கல்யாண மாப்பிள்ளை கணக்கா வந்திருக்கீங்கன்னு கேலி பண்ணினேன். சிரிக்கலை. 'ஊருக்குப் போகச் சொல்லிட்டாங்க தங்கச்சி'ன்னாரு. லீவான்னு கேட்டேன். ஆமாங்கிற மாதிரியும் இருந்துச்சு, இல்லைங்கிற மாதிரியும் இருந்துச்சு அவர் தலையாட்டினது.

மே தினத்துக்கு ரெண்டு பேரும் உக்காருத அதே பாறையில போயி உக்காந்தாரு. குளிக்கலை. சும்மா தண்ணியைப் பார்த்துட்டு இருந்தாரு. ஃபாரஸ்ட் கார்டு விசில் அடிச்சு விரட்டினப்புறம்தான் எழுந்தாரு. சாயங்காலம் என் கல்லாப்பெட்டி மேல கைக்குட்டையில ஒண்ணைப் பொதிஞ்சு வச்சாரு. உங்க கடைச் சாவி. 'மேனேஜர் சார்ட்ட சேர்த்துரு'ன்னாரு. நீங்களே கொண்டு போயிக் கொடுக்கலாமேன்னேன். அதுக்கு அவர் என் முகத்தைப் பார்க்கலை, ஆத்தைப் பார்த்தாரு.

எனக்கு என்னமோ போல ஆயிட்டு நம்பி. பின்னால ஒரு சாக்குக் கப்பை கிடந்துது. 'நாளைக்கும் வாங்க அண்ணாச்சி, கப்பை உரிக்க ஆளில்லை'ன்னு சொல்லிட்டேன். நேத்து வந்தாரு. உரிச்சாரு. நாளைக்கும் வாங்கன்னேன். இன்னைக்கும் வந்து உக்காந்திருக்காரு. நம்ம பின்கட்டுல படுங்கன்னா கேக்கலை, பஸ் ஷெட்டுல படுக்காரு.

அவரை எதுக்கு அனுப்பின? ஒழுங்கா எழுது. இங்க மழை இருட்டிக்கிட்டு வருது.

மங்கலம்


சாலை
அக்டோபர் 19

அக்கா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. என்னை மன்னிச்சுடு.

ஆறுமுகசாமியைக் காணலை.

நேத்து அவர் மனைவி சுடலைமாடத்தி கடைக்குப் போன் பண்ணினாங்க. 'அவரு போனை எடுக்க மாட்டேங்காரு, வேலை மும்முரமா?'ன்னு. ஊருக்குத்தானே போனார்னு சொல்ல வாயெடுத்தேன், அப்போதான் உறைச்சுது. அவர் ஊருக்கே போகலை. மேல்மாடிக்கு ஓடினேன். போன் அங்கே சார்ஜரில் தொங்குது. பாய் சுருட்டி வச்சிருக்கு. பக்கத்தில் இன்னொரு பாய், அதுவும் சுருட்டி வச்சிருக்கு. தாசையனோடது. இத்தனை மாசமா அதை யாரும் எடுக்கலை.

ஷிஜாவைக் கூப்பிட்டு, அவர் எங்கேயாவது போறதா சொன்னாரான்னு கேட்டேன். அவள் என்னை ஏதோ பேயைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "சாரல்லே அவரெ பறஞ்சு விட்டது? பின்னே எங்கே போவார்னு எங்ககிட்டக் கேட்டா?" நான்தானே அவரை வேலையை விட்டு அனுப்பினேன்னு கேட்கிறாள்! எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம்தான் சொன்னாள். இந்தக் கடையில் 'நாளையிலிருந்து வராதே'ன்னு யாரையும் வாயால சொல்ற வழக்கம் கிடையாதாம். பழைய முதலாளி காலத்திலிருந்தே, ஆளை நிறுத்தணும்னா தாம்பாளத்தில் தேங்காயும் கோடி வேட்டியும் வச்சுக் கொடுத்து, 'ஊருக்குப் போயி ரெஸ்ட் எடுங்க'ன்னு சொல்லுவாங்களாம். வாங்கினவர் படியைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போயிடுவாராம். திரும்பி வர்றதில்லை.

அக்கா, ஒரு வார்த்தை மாறாம அதையே நான் செஞ்சிருக்கேன். பிள்ளையார் பிடிக்கப் போயி இப்படி முடிஞ்சிருக்கு. ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லலைன்னு கத்தினேன். "சாருக்கு அறியாம இருக்கும்னு யார் நினைச்சது? அடுத்த வேட்டி யாருக்கோன்னு நாங்க பயந்து பேடிச்சுப் போய் நின்னோம்"ங்கறாள். கை தட்டாதது அதுக்குத்தான்.

இன்னொண்ணு. சுடலைமாடத்தி அம்மாகிட்ட நான் பொய் சொல்லிட்டேன். 'சரக்கு எடுக்கக் கொல்லத்துக்குப் போயிருக்கார், ரெண்டு நாளில் வருவார்'னு. ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியலை. வாய் தானா சொல்லிடுச்சு. ஸ்டேஷனுக்குப் போகக் கால் வரலை. போலீஸ் கேட்டா என்ன சொல்லுவேன்? பரிசு கொடுத்தேன், காணாமப் போயிட்டார்னா?

எங்கே தேடுவேன்?

நம்பி


சாலை
அக்டோபர் 23

அக்கா,

பதினேழாம் தேதி நீ எழுதின கடுதாசி நேத்து சாயங்காலம்தான் கையில் கிடைச்சுது. சாவின்னு எழுதின இடத்தையே திரும்பத் திரும்பப் படிச்சேன். சாவியைத் திருப்பிக் கொடுத்தவர் அடுத்து என்ன செய்வார்? எதுக்கு அந்தப் பாறை? எதுக்குக் குளிக்காம தண்ணியைப் பார்க்கணும்?

ரெண்டு நாளா பேய் மழை. உன் பக்கத்துக் கடை ஷாலு நம்பருக்கு எத்தனையோ தடவை அடிச்சுட்டேன், உங்க பக்கம் கரண்ட் போயி டவரும் செத்துடுச்சுன்னு சொல்றாங்க. இன்னைக்குக் காலையில் நானே பஸ் ஏறினேன். விதுரைக்கு அப்பால் மண் இடிஞ்சு ரோடு அடைச்சிருக்கு, ஒருத்தரையும் விடலை. அங்கே நின்னு மலையைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தேன். பால் கொண்டு நடந்து போற ஒருத்தர் உன் கடையைத் தெரியும்னார். நாளைக்கு விடியக்காலையில் திரும்பவும் விதுரைக்குப் போயி இதை அவர்கிட்டத்தான் கொடுத்துவிடுவேன். என் முந்தின கடுதாசியும் உனக்குக் கிடைச்சிருக்காது. அதையும் சேர்த்து இதில் எழுதிடறேன்: அவரை யாரும் வேலையை விட்டு நிறுத்தலை. வேட்டி கொடுத்தது என் மடத்தனம். வழக்கம் தெரியாம செஞ்சது. இதை மட்டும் அவர்கிட்டச் சொல்லிடு. அவர் அங்கே இருந்தால் சொல்லிடு.

திரும்பி வந்ததும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துட்டேன். இனி பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அவர் இன்னைக்கும் கப்பை உரிக்க வந்தாரா அக்கா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்.

நம்பி


கல்லாறு
அக்டோபர் 27

நம்பி,

முதல்லயே சொல்லிருதேன், மீதியை அப்புறம் படி. அண்ணாச்சி இருக்காரு. என் பின்கட்டுல படுத்துத் தூங்குதாரு. மூச்சு வருதான்னு நான் அப்பப்போ எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

பால்காரர் உன் கடுதாசியைக் கொண்டு வந்தப்போ அண்ணாச்சி அன்னைக்கு இன்னும் வரலை. அதுக்கு முந்தின நாள் மழையில கப்பை தீந்து போச்சு. நானும் ஒரு கூறுகெட்டவ, 'கப்பை தீந்துட்டு அண்ணாச்சி, நல்லா உதவுனீங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். நாளைக்கும் வாங்கன்னு சொல்ல மறந்துட்டேன். உன் கடுதாசியைப் படிச்சு முடிக்குறதுக்குள்ள எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. கடையை அப்படியே போட்டுட்டு ஆத்துக்கு ஓடினேன். முட்டுவலி எங்க போச்சுன்னே தெரியலை.

எனக்கு ஆத்துச் சத்தம் கேக்காது நம்பி. எவ்வளவு தண்ணி வருதுன்னு கண்ணால பார்த்தாத்தான் தெரியும். வளைவு திரும்பிப் பார்த்தா, அம்மாடி, செம்மண் நிறத்துல கரையைத் தின்னுக்கிட்டுப் போகுது. பாறையில பாதி முங்கிட்டு. மீதிப் பாதியில அவர் நிக்காரு. வேட்டியைத் தாறு பாய்ச்சாம, நனைய விட்டு நிக்காரு. நான் எவ்வளவு சத்தமா கத்தினேன்னு எனக்குத் தெரியாது. அவர் திரும்பினாரு. கல்லுல வழுக்கி வழுக்கிப் போயி அவர் கையைப் பிடிச்சேன். அவர் கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. நான் விடலை.

நீ எழுதினதை எல்லாம் அங்க நின்னு சொல்ல எனக்கு வாய் வரலை. 'பக்கத்துக் கடையில கப்பை கடன் வாங்கியிருக்கேன், உரிக்க ஆளில்லை, வாங்க'ன்னேன். என்னைய ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் கூட நடந்து வந்துட்டாரு.

வீட்டுக்கு வந்து துணி மாத்தக் கொடுத்து, கட்டன்சாயா கொடுத்து, அதுக்கப்புறம் உன் கடுதாசியை அவர் கையிலேயே கொடுத்தேன். படிச்சாரு. அழுதாரு. பெரிய ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. லீவு கேட்டாருல்ல, அது தாசையனுக்கு அவர் ஊர்ச் சர்ச்சுல ஜெபம் வச்சிருந்த நாளாம். போக முடியலைன்னு சொன்னாரு. உன்னையக் குறை சொல்லலை. 'நான் கேட்டது சரியில்லை, ஓணம் நேரம்'ங்காரு. எனக்குத்தான் உன் காதைத் திருகணும்போல இருந்துச்சு.

இப்போ நான் சொல்லுததைக் கேளு. சுடலைமாடத்தி மதினிட்ட நீயே உண்மையைச் சொல்லு. டவர் இன்னும் வரலை, வந்ததும் ஷாலு போன்ல இவரைப் பேச வைக்கேன், ஆனா அதுக்கு முந்தி நீ பேசியிருக்கணும். சாவியை நான் பஸ்ஸுல அனுப்ப மாட்டேன். அது அவர் மடியில திரும்பப் போயிருச்சு. அவர் கொண்டு வருவாருன்னா நீங்க அங்க காத்துக்கிட்டு இருக்கணும். அவருக்குக் கொஞ்ச நாள் வேணும்.

பிள்ளையை என் சார்பா ஒரு தடவை கட்டிப் பிடிச்சுக்கோ.

மங்கலம்


சாலை
நவம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலில் விழணும்போல இருக்கு. கடுதாசியில் விழுறேன். பாறையில் வழுக்கின கால் இப்போ எப்படி இருக்கு? மறைக்காம எழுது.

சுடலைமாடத்தி அம்மாகிட்டச் சொல்லிட்டேன். முழுசா. கேட்டு முடிச்சதும், "பொய் சொன்ன வாயால இப்போ உண்மையைச் சொல்லும்வே, அவரு உசுரோட இருக்காரா?"ன்னாங்க. இருக்கார்மா, என் அக்கா வீட்டில் இருக்கார்னேன். அதுக்கப்புறம் திட்டினாங்க பார், வாழ்நாளில் அப்படி வாங்கினதில்லை. வாங்க வாங்க மூச்சு சீரா வந்துது. ஸ்டேஷனிலும் ஆள் கிடைச்சாச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டேன்.

முதலாளியைப் பார்த்தேன். கேட்டுட்டு, "கொடுத்த வேட்டியைத் திருப்பி வாங்குற வழக்கம் நம்ம கடையில் கிடையாது. வேற ஆளைப் போடு"ன்னார். போட மாட்டேன்னேன். அவர் வர்ற அன்னைக்கு அவர்தான் ஷட்டர் திறப்பார், அதுவரைக்கும் அன்னைக்குக் கடை திறக்காதுன்னும் சொன்னேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்துதுன்னு தெரியலை. முதலாளி ரொம்ப மெதுவா, "கடை ஒரு நேரம் அடைச்சுக் கிடந்தா, தாம்பாளம் உனக்கும் ரெடியா இருக்கும்"னார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துட்டேன். பயமா இருக்கு அக்கா. பிள்ளைக்கு ஸ்கூல் சேர்த்து முழுசா ஆறு மாசம் ஆகலை.

ஆனா நீ செப்டம்பரில் கேட்ட கேள்விக்கு நான் பதிலே எழுதலை. இப்போ எழுதுறேன். அவர்கூட யாரும் படுக்கலை. அந்த மாடியில், அந்தச் சுருட்டின பாய்க்குப் பக்கத்தில், அவர் தனியாத்தான் படுத்தார். நான் ஒரு நாள்கூட அந்த ஏணிப்படி ஏறிப் பார்க்கலை. நீ கேட்டதும் ஏறியிருந்தா இவ்வளவும் நடந்திருக்காது.

எப்போ வர்றார்னு மட்டும் சொல்லு. நாங்க வெளியே நிப்போம்.

தம்பி,
நம்பி


சாலை
நவம்பர் 24

அன்புத் தங்கச்சிக்கு,

ஆறுமுகசாமி எழுதுதேன். எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தா பொறுத்துக்கணும். இவிட நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உன் கால் வீக்கம் குறைஞ்சதா? நீ கட்டிக் கொடுத்த கப்பையை எல்லாருக்கும் பங்கு வச்சேன். ஷிஜா ரெண்டு தடவை வாங்கித் தின்னா.

நான் வந்து இறங்கும்போ மணி பத்து தாண்டிப் போச்சு. தெருவெல்லாம் கடை திறந்து கிடக்கு, நம்ம ஷட்டர் மட்டும் அடைச்சிருக்கு. எல்லாரும் வெளியே நிக்காங்க. லாரிக்காரன் ஹாரன் அடிக்கான், எதிர்க் கடைக்காரங்க சிரிக்காங்க. மேனேஜர் சார் முகம் வேர்த்து வெளிறிப் போயிருந்துச்சு. மாத்துச் சாவி அவர் சட்டைப் பையில இருந்துச்சு, எனக்குத் தெரியும். எடுக்கலை.

எதிர்ல ஒரு ஆட்டோ. உள்ளே முதலாளி. திரும்பிப் போயிரலாமான்னுகூட நினைச்சேன். அப்போ மேனேஜர் சார் பக்கத்துல வந்து, "தாசையன் அண்ணாச்சி இருந்தா இந்நேரம் நம்மளை எப்படிக் கேலி பண்ணியிருப்பார்?"னு கேட்டாரு. தாசையன் செத்ததுலேர்ந்து இந்தக் கடையில அந்தப் பேரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "உங்க பொறுமையைப் பார்த்து மாடும் வெட்கப்படும்னு சொல்லியிருப்பான்"னேன். அவரு சிரிச்சாரு, கண்ணுல தண்ணி வந்துட்டு. நான் குனிஞ்சு திறந்தேன். முதலாளி ஆட்டோவுக்குள்ள இருந்தே பார்த்துட்டு, வண்டியைத் திருப்பச் சொல்லிப் போயிட்டாரு. மேனேஜர் சாருக்கு இன்னும் தாம்பாளம் வரலை. வந்துருமோன்னு அவரு பயந்துக்கிட்டுத்தான் இருக்காரு. போன் அடிச்சா நானும் பயப்படுதேன்.

மாடியில இப்போ ஜினுவும் படுக்கான். குறட்டை பொறுக்க முடியலை, இருந்தாலும் துணைக்கு அது போதும். போன ஞாயிறு மேனேஜர் சாரும் நானும் பாறசாலைக்குப் போயி தாசையன் பாயை அவன் வீட்டுல கொடுத்துட்டு, கல்லறையில மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்தோம். அந்தக் கோடி வேட்டி என்ட்டத்தான் இருக்கு. என்னையப் பார்க்க வந்தப்போ சுடலைமாடத்தி துவைச்சு வச்சுட்டுப் போனா. உடுத்த மனசு வரலை.

ஒண்ணு உன்ட்டச் சொல்லணும். அந்த முதல் நாள் நான் ஆத்துக்கு வந்தது குளிக்க இல்லை. உனக்குத் தெரியும், நீ கேக்கவே இல்லை. மறுநாளும் அதுக்குத்தான் போகணும்னு இருந்தேன். ஆனா கப்பை உரிக்கணுமே, தங்கச்சி வரச் சொல்லியிருக்கே, வராட்டா அது தனியாக் கஷ்டப்படுமேன்னு ஒவ்வொரு நாளும் தள்ளிப் போச்சு. இப்பவும் சில நாள் காலையில எழும்பும்போது நெஞ்சு கனமா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்.

மேனேஜர் சார்ட்ட நீ என்ன சொன்னியோ தெரியலை. இப்போ சாயங்காலம் ஷட்டர் இழுக்கும்போ அவரு ஒவ்வொருத்தர்ட்டயும் போயி, முகத்தைப் பார்த்து, "நாளைக்கும் வாங்க"ன்னு சொல்லுதாரு. "இதெந்து பழக்கம் சாரே"ன்னு ஷிஜா சிரிக்கா. ஜினுவும் சிரிக்கான்.

நான் சிரிக்கலை. சாவியை மடியில வச்சுக்கிட்டு, "வாரேன்"னு பதில் சொல்லுதேன்.

உன் அண்ணாச்சி,
ஆறுமுகசாமி